ஹோட்டலுக்கு ஆள் வருவதில்லையா, வந்த ஆள் நிற்பதில்லையா? இலங்கைச் சுற்றுலாத்துறையின் ஆட்பற்றாக்குறை, எளிமையாக

இலங்கையில் ஹோட்டல் நடத்தும் எவரிடம் பேச்சுக் கொடுத்தாலும், தேநீர் ஆறுவதற்குள் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "வேலைக்கு ஆள் இல்லை." காரணங்களும் மனப்பாடம்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது. கொஞ்சம் வேலை பழகியவர்கள் எல்லோரும் கட்டாருக்கும் டுபாய்க்கும் போய்விட்டார்கள். தீர்வும் கையில் தயாராக இருக்கும்: ஊருக்கு ஒரு பயிற்சி நிலையம் திறந்து, பாடசாலை பாடசாலையாகப் போய் இளைஞர்களைச் சுற்றுலாத்துறைக்குக் கூப்பிட வேண்டும்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இளைஞர்களைக் கூப்பிடுவதும் ஆட்பற்றாக்குறையைத் தீர்ப்பதும் ஒரே வேலை என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளைகளையும் அவர்களது பெற்றோரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஹோட்டல் முதலாளிகள் படித்தாலும் நட்டமில்லை.

முதலில் ஒரு கலியாண வீடு

கலியாண வீட்டில் காய் நறுக்க, தேங்காய் திருவ, பாத்திரம் கழுவ, பந்தி பரிமாற என்று அயலட்டைப் பிள்ளைகள் இருபது பேர் சேர்ந்துவிடுவார்கள். ஆனால் அடுப்படியில் நிற்க வேண்டிய தலைமைச் சமையல்காரர் வரவில்லையென்றால், அந்த இருபது பேரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அவருடைய இடத்தை இன்னும் இருபது பேரைக் கூட்டிவந்து நிரப்ப முடியாது.

நல்ல முகூர்த்த நாள் என்றால் ஊரில் ஐந்து வீட்டில் கலியாணம் நடக்கும். ஐந்து வீட்டாரும் அதே சமையல்காரரைத் தேடுவார்கள். ஆடி மாதத்தில் அவரைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர் இருமடங்கு கூலி தருகிறேன் என்றால் அவர் அங்கே போவார். யாராக இருந்தாலும் போவார்கள். அதை வைத்து, "எங்கள் ஊரில் சமைக்கத் தெரிந்தவர்களே இல்லை" என்று சொல்லலாமா?

சுற்றுலாத்துறையின் சிக்கலும் இந்த மூன்றும் கலந்ததுதான். ஆட்பற்றாக்குறை என்பது நாட்டில் மனிதர்கள் தீர்ந்துபோன நிலை அல்ல. தேவையான திறன் உள்ளவர்கள், தேவையான மாதத்தில், கொடுக்க முன்வரும் சம்பளத்துக்குக் கிடைக்காத நிலை. இந்த வரையறையில் திறன், மாதம், சம்பளம் என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. பொதுப்பேச்சில் மூன்றும் மறைந்து "ஆள் இல்லை" என்பது மட்டும் மிஞ்சுகிறது.

எண்ணிக்கை குறையாமலே ஒரு ஹோட்டல் தேய்வது எப்படி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. நடப்பது கற்பனை அல்ல.

100 பேர் வேலை செய்யும் ஹோட்டல் ஒன்று. ஆண்டுக்கு 40 பேர் விலகுகிறார்கள். அதே 40 இடத்துக்கும் புதியவர்கள் எடுக்கப்படுகிறார்கள். ஆண்டு முடிவில் சம்பளப் பட்டியலில் அதே 100 பெயர். ஓர் ஆண்டில் வேலையைவிட்டுப் போனவர்கள் மொத்தப் பணியாளரில் எத்தனை பங்கு என்பதை விலகல் வீதம் என்பார்கள். இந்த ஹோட்டலின் விலகல் வீதம் 40 சதவீதம்.

யார் போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாண்டு, ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர் போகிறார். அவரது இடத்துக்குப் பயிற்சி முடித்துப் பத்து நாளான பிள்ளை வருகிறது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் நேற்றுத்தான் விமானம் ஏறினார். மிஞ்சியிருக்கும் மேற்பார்வையாளர் இரண்டு பேரின் வேலையைச் செய்துகொண்டே நாலு பேருக்குப் பாடமும் எடுக்கிறார். ஆறு மாதத்தில் அவரும் களைத்துப்போய் வெளிநாட்டு விண்ணப்பம் நிரப்புகிறார். பட்டியலில் 100 பெயர் இருக்கும். விருந்தினர் கேட்ட கோப்பி வர மட்டும் அரை மணி நேரமாகும்.

விலகல் இரண்டு கட்டங்களில் குவிகிறது. முதலாவது, சேர்ந்த முதல் மூன்று மாதம். நினைத்துவந்த வேலை வேறு, கையில் கிடைத்த வேலை வேறு என்ற அதிர்ச்சியில் போகிறவர்கள் இவர்கள். இரண்டாவது, இரண்டு மூன்று ஆண்டு கழிந்து, கையில் அனுபவச் சான்றிதழும் வாயில் ஓரளவு ஆங்கிலமும் வந்த பிறகு. இவர்கள் வேலை பிடிக்காமல் போவதில்லை. வேலை நன்றாகத் தெரிந்ததால் போகிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: இளைஞர் சேர்ப்பு வாசலில் நுழைகிறவர்களைக் கூட்டுகிறது. பற்றாக்குறையோ பெரும்பாலும் நடுவில், அனுபவம் சேர்ந்தவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. நுழைகிறவர் அந்த நடுவுக்கு வந்துசேர வேண்டுமென்றால் இடையில் விலகாமல் இருக்க வேண்டும்.

2019 முதல் 2022 வரை நடந்தது என்ன

2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களோடு கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களும் தாக்கப்பட்டன. அடுத்த சில வாரங்களில் அறைகள் வெறிச்சோடின. துறை மெல்ல எழுந்து நிற்கும்போது பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட விமான நிலையங்கள் 2021 ஜனவரியில்தான் சுற்றுலாப் பயணிகளுக்காகத் திறந்தன. 2021 முழுவதும் வந்தவர்கள் இரண்டு இலட்சத்தைத் தொடவில்லை.

அந்த இரண்டாண்டில் ஹோட்டல் பணியாளர் என்ன செய்வார்? முச்சக்கரவண்டி ஓட்டினார், கட்டட வேலைக்குப் போனார், வீட்டிலிருந்து கேக் செய்து விற்றார். அவர்களில் பலர் திரும்பிவரவில்லை. சம்பளம் குறைவு என்பது பழைய கதை; ஒரே நாளில் நின்றுபோகும் என்பது புதிதாகக் கற்ற பாடம். இதை வீட்டில் இருந்து பார்த்த தம்பி தங்கைகள்தான் இன்று "சுற்றுலாத்துறைக்கு வாருங்கள்" என்று நாம் அழைக்கும் வயதில் இருக்கிறார்கள். அவர்கள் தயங்குவதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

2022இல் பொருளாதாரம் சரிந்தது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360 ரூபாயைத் தொட்டது. மாலைதீவு விடுதி ஒன்றில் 500 டொலர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் அதன் மதிப்பு ஒரு இலட்சம் ரூபாய். மே மாதம் அதே வேலை, அதே 500 டொலர், மதிப்பு 1,80,000 ரூபாய். கொழும்பு ஹோட்டலில் வாங்கிய ரூபாய்ச் சம்பளம் இருந்த இடத்திலேயே இருந்தது; சந்தையில் அரிசி விலை மட்டும் ஏறியது. அந்த ஆண்டு வேலைக்காக வெளிநாடு போகப் பதிவு செய்தவர்கள் மூன்று இலட்சத்துக்கும் அதிகம்.

மாலைதீவைப் பற்றி ஒரு சொல். 2022 கணக்கெடுப்பில் அந்த நாட்டின் மக்கள்தொகை ஐந்து இலட்சத்துச் சொச்சம். 2024இல் அங்கே போன பயணிகள் 20 இலட்சத்துக்கும் மேல். சொந்த மக்களை மட்டும் வைத்து அந்தக் கணக்கை நேர்செய்ய முடியாது. ஆகவே வெளியிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். கொழும்பிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று பெந்தோட்டைக்கு பஸ்ஸில் போய்ச்சேர எடுக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

பயணிகளோ திரும்பிவிட்டார்கள். 2023இல் ஏறக்குறைய 15 இலட்சம், 2024இல் 20 இலட்சத்துக்கு மேல், 2025இல் 2018இன் எண்ணிக்கையையும் தாண்டியாயிற்று. மூன்று ஆண்டில் பயணியைத் திரும்ப அழைத்துவரலாம். மூன்று ஆண்டில் பத்தாண்டு அனுபவம் உள்ள சமையல்காரரை உருவாக்க முடியாது.

சம்பளச் சீட்டை எப்படி வாசிப்பது

சுற்றுலாத்துறைச் சம்பளம் பற்றி ஊரில் இரண்டு கதைகள் உலவுகின்றன. "மாதம் ஒரு இலட்சம் அடிக்கிறான்" என்பது ஒன்று. "முப்பதாயிரம் வாங்கி என்ன செய்வது" என்பது மற்றது. இரண்டும் ஒரே ஆளைப் பற்றியதாகவும் இருக்கலாம். ஜனவரியில் ஒன்று, ஜூனில் மற்றது.

காரணம் சேவைக் கட்டணம். விருந்தினரின் பில்லில் 10 சதவீதம் கூடுதலாகச் சேர்த்து வாங்கி, அதைப் பணியாளர்களிடையே பங்கிடும் முறைதான் இது. அடிப்படைச் சம்பளம் நிலையானது. சேவைக் கட்டணம் ஹோட்டலின் வருமானத்தோடு ஏறி இறங்கும்.

மறுபடியும் கற்பனை எண்கள். 200 பேர் வேலை செய்யும் கடற்கரை ஹோட்டலுக்கு ஜனவரியில் நான்கு கோடி ரூபாய் வருமானம். சேவைக் கட்டணம் 40 இலட்சம். சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 20,000. ஜூனில் வருமானம் ஒரு கோடி, ஆளுக்கு 5,000. அடிப்படைச் சம்பளம் 35,000 என்றால் ஜனவரியில் கையில் வருவது 55,000, ஜூனில் 40,000. வாடகையும் லீசிங் தவணையும் ஜூன் மாதத்தைப் பார்த்துக் குறைவதில்லை.

2026 ஜனவரியிலிருந்து தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். பல ஹோட்டல்களின் தொடக்கச் சம்பளம் இதை ஒட்டியே நிற்கிறது. மீதியைச் சேவைக் கட்டணம் பார்த்துக்கொள்ளும் என்பது எண்ணம். முதலாளியின் பக்கம் இருந்து பார்த்தால் இது சாமர்த்தியமான ஏற்பாடு. வியாபாரம் படுத்தால் சம்பளச் செலவும் தானே படுக்கும். வியாபாரத்தின் ஆபத்தை, அதைத் தாங்கச் சக்தி மிகக் குறைந்தவரின் தலையில் இறக்கிவைக்கும் ஏற்பாடும் இதுவேதான். 2019இலும் 2020இலும் அது அப்பட்டமாகத் தெரிந்தது. இளைஞர்களைக் கூப்பிடும் கூட்டங்களில் இந்தப் பகுதியைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை.

நாணயமான ஹோட்டல்களும் இருக்கின்றன. வெறிச்சோடிய மாதத்திலும் சேவைக் கட்டணம் இந்தத் தொகைக்குக் கீழே போகாது என்று உறுதி கொடுப்பவர்கள் அவர்கள். "உறுதியளிக்கப்பட்ட சேவைக் கட்டணம்" என்று வேலை விளம்பரத்தில் கண்டால், அந்த விளம்பரத்தை இன்னொரு தடவை வாசிக்கலாம்.

ஒரு நாள் வேலை, கிட்டே நின்று பார்த்தால்

விளம்பரப் படத்தில் வெள்ளைச் சட்டையும் புன்னகையுமாக வரவேற்பு மேசை தெரியும். வேலை தொடங்கும் இடம் அநேகமாக அதுவல்ல.

அறைப் பராமரிப்பை எடுத்துக்கொள்வோம். விருந்தினர் போன அறைக்குள் நுழைந்ததும் முதலில் படுக்கை விரிப்புகளை உருவ வேண்டும். துவாய்களை எண்ண வேண்டும். குளியலறைக் கண்ணாடியில் நீர்க்கறை இருக்கக்கூடாது. தொட்டியின் ஓரத்தில் ஒற்றைத் தலைமுடி கிடந்தால்கூட மேற்பார்வையாளர் அறையைத் திருப்பிவிடுவார். கனத்த மெத்தையின் மூலையை ஒரு கையால் தூக்கி, விரிப்பின் நுனியை மறு கையால் மடித்துச் செருகி, சுருக்கம் விழாமல் இழுக்க வேண்டும். ஒரு மெத்தைக்கு நான்கு மூலை. இப்படி ஒரு வேலைநேரத்தில் பன்னிரண்டு, பதினைந்து அறைகள். முதல் வாரத்தில் வலிப்பது முதுகு அல்ல, விரல் நகங்களின் அடி. பழகியவர்கள் சொல்லிக்கொடுக்கும் வரை, விரிப்பைப் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது.

உணவகப் பகுதியில் வேறு வகைத் தொல்லை. காலை ஆறு மணிக்குக் காலையுணவு. பதினொரு மணிக்கு ஓய்வு. மாலை ஆறு மணிக்கு மறுபடியும் வந்து இரவு பதினொரு மணி வரை நிற்க வேண்டும். நாளின் இரு முனைகளில் வேலையும் நடுவில் ஒரு நீண்ட வெறுமையுமாக இருக்கும் இதைப் பிளவு வேலைநேரம் என்று சொல்லலாம். கணக்கில் பத்து மணி நேர வேலை. வாழ்க்கையில் பதினேழு மணி நேரம். வீடு தூரமென்றால் அந்த நடுப்பகலில் பணியாளர் விடுதியில் படுத்துக்கிடப்பதைத் தவிர வேறு வழியில்லை. சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் என்று வீட்டில் எல்லோரும் கூடும் நாளில்தான் ஹோட்டலில் வேலை உச்சத்தில் இருக்கும்.

நான் பயமுறுத்துவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. இந்த வேலையை விரும்பிச் செய்பவர்களும் ஏராளம். ஒரே நாளில் நாலு நாட்டு மனிதரோடு பேசுவதும், ஒரு குடும்பம் போகும்போது பெயர் சொல்லி நன்றி சொல்வதும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வேலையில் கிடைக்காதவை. முன்கூட்டியே உள்ளபடி சொல்லப்பட்டவர் முதல் மூன்று மாதத்தில் ஓடமாட்டார் என்பதுதான் விஷயம். சேர்ப்புக் கூட்டத்தில் மறைக்கப்படும் ஒவ்வொரு உண்மையும் தொண்ணூறு நாளுக்குள் ஒரு விலகல் கடிதமாக வந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஹோட்டல் வேலை வேண்டாம் என்று சொல்லும் அதே வயதுப் பையன்கள் அறுகம்பையிலும் வெலிகமவிலும் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிறார்கள். யாலவில் சஃபாரி ஜீப் ஓட்டுகிறார்கள். சுற்றுலா பிடிக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. சீருடை, விடுதி வாழ்க்கை, மேலதிகாரியின் ஏச்சு இவற்றை எடைபோட்டுப் பார்த்து வேறு பக்கம் நகர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பயிற்சி நிலையம் திறந்தால் தீருமா

நாட்டில் பயிற்சிக்கு இடமில்லை என்பது சரியல்ல. 1964இல் தொடங்கிய ஹோட்டல் பாடசாலைதான் இன்றைய இலங்கைச் சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம். கொழும்புக்கு வெளியே கண்டி, பண்டாரவளை, பாசிக்குடா போன்ற இடங்களிலும் கற்பிக்கிறார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையும், வேலையிடத்திலேயே தொழில் பழக்கும் அரச நிறுவனமான நைட்டாவும் பாடநெறிகள் நடத்துகின்றன. சப்ரகமுவ, ரஜரட்ட, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகங்களில் சுற்றுலாத்துறை சார்ந்த பட்டப்படிப்புகள் இருக்கின்றன.

இந்தப் பயிற்சிகளுக்கெல்லாம் பொதுவான அளவுகோல் தேசிய தொழில் தகைமை. பேச்சுவழக்கில் என்.வி.கியூ. ஒன்று முதல் ஏழு வரை மட்டங்கள்; நான்கு வரை கைத்தொழில் திறனுக்கான சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் வேலையில் நின்றே பழகியவரும் தன் திறனைச் செய்துகாட்டி இந்தச் சான்றிதழைப் பெறலாம். பத்தாண்டு சமையலறையில் நின்றும் கையில் ஒரு தாளும் இல்லாத பலருக்கு இப்படியொரு வழி இருப்பதே தெரியாது.

ஏற்பாடு நல்லதுதான். குறை வேறிடத்தில் இருக்கிறது. மூன்றாம் மட்டத்திலிருந்து நான்காம் மட்டத்துக்குப் போனால் சம்பளம் எவ்வளவு கூடும் என்று கேட்டால், "அது ஹோட்டலைப் பொறுத்தது" என்ற பதில்தான் வரும். சான்றிதழுக்கும் சம்பளத்துக்கும் இடையில் கயிறு கட்டப்படவில்லை. சமையலறையில் கொமி என்னும் கடைநிலை உதவியாளர் டெமி செஃப், செஃப் டி பார்ட்டி, சூ செஃப் என்று ஏறிப்போக வேண்டும். எந்தப் படிக்கு எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம் என்பது எழுத்தில் இல்லாவிட்டால், பிள்ளை தன் அடுத்த படியை மாலைதீவு விளம்பரத்தில் தேடும். அங்கே தொகை அச்சில் இருக்கிறது.

இந்தக் கயிற்றைக் கட்டிய நாடு ஒன்று நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்ததே. 1980களில் சுவிட்சர்லாந்துக்குப் போன ஈழத்தமிழர்களில் பலர் முதலில் கால்வைத்த வேலையிடம் உணவகச் சமையலறை. அங்கே ஹோட்டல், உணவகத் துறை முழுவதற்குமாக முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. பயிற்சி இல்லாதவருக்கு இவ்வளவு, தொழிற்பயிற்சி முடித்தவருக்கு இவ்வளவு என்று தகைமைக்குத் தகைமை குறைந்தபட்சச் சம்பளம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டுக்குப் பதின்மூன்றாவது மாதச் சம்பளமும் உண்டு. அங்கேயும் "ஆள் இல்லை" என்ற புலம்பல் ஓயவில்லை; ஆனால் சான்றிதழ் எடுத்தால் என்ன கிடைக்கும் என்று பதினாறு வயதுப் பிள்ளைக்கு விரல்விட்டுச் சொல்ல முடிகிறது.

இந்தப் பகுதியின் சாரம்: பயிற்சி இடங்கள் கூடினால் சான்றிதழ் பெற்றவர்கள் கூடுவார்கள். சான்றிதழுக்கு உள்ளூரில் விலை வைக்காவிட்டால், அது கடவுச்சீட்டோடு சேர்த்து வைக்கும் தாளாகிவிடும்.

பாதிப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆள் தேடுவது

உலகம் முழுவதும் சுற்றுலாத்துறையில் வேலை செய்பவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் பெண்கள். இலங்கையில் அது பத்தில் ஒருவர் என்ற அளவிலேயே நிற்கிறது. ஆள் இல்லை என்று சொல்லும் துறை ஒன்று, படித்த, ஆங்கிலம் கற்கக்கூடிய, வீட்டுக்கு வருமானம் தேவைப்படும் இளம்பெண்களில் பெரும்பாலானவர்களைக் கணக்கில் எடுக்காமலே ஆள் தேடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய புதிர் இந்த விவகாரத்தில் இல்லை.

பெற்றோரின் தயக்கத்தைக் கேலிசெய்ய வேண்டாம். மதுபானம் பரிமாறும் இடம், வெளியூர் ஆண்கள், இரவு வேலை, ஊர்வாய் என்று அவர்கள் அடுக்கும் பட்டியலில் பாதிக்குமேல் ஹோட்டல்காரர்களால் தீர்க்கக்கூடியவை. நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் இரவு பதினொரு மணிக்கு வேலை முடியும் பெண் திருகோணமலை நகருக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்பி வீதியில் நிற்க முடியாது. ஹோட்டல் வான் வீட்டு வாசலில் இறக்கிவிடும் என்றால் அம்மாவின் "வேண்டாம்" பாதி இறங்கிவிடும். பெண்களுக்குத் தனி விடுதி, முறைப்பாடு சொல்ல ஒரு பெண் அதிகாரி, மேற்பார்வை இடத்தில் தெரியும் முகமாக ஒரு பெண் இருந்தால் மீதியும் இறங்கும். தனியாக ஒருத்தியை எடுப்பதைவிட, ஒரே ஊரிலிருந்து ஐந்தாறு பேரைச் சேர்த்து எடுப்பதால் கிடைக்கும் பலன் பெரிது. கூட்டமாகப் போய்வரும் பிள்ளைகளை ஊர் சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

கிழக்கில் இன்னொரு கசப்பும் உண்டு. போர் முடிந்த 2009க்குப் பிறகு பாசிக்குடாவில் வரிசையாக விடுதிகள் எழுந்தபோது, உள்ளூர் ஆட்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அடிமட்ட வேலைகள்தான் என்ற மனக்குறை எழுந்தது. மேலிடத்துப் பேச்சு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும். தமிழ்ப் பிள்ளை இரண்டையும் பழகும் வரை பின்கட்டிலேயே நிற்கும். மொழி வகுப்பு நடத்தும் ஹோட்டலுக்கு இது ஒரு வருடத்தில் தீரும் குறை. நடத்தாத ஹோட்டல் ஒவ்வொரு பருவத்துக்கும் கொழும்பிலிருந்து ஆள் இறக்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டு கரை, இரண்டு பருவம்

மழைக்காற்றின் புண்ணியத்தில் இலங்கைக்கு இரண்டு சுற்றுலாப் பருவங்கள். தென்மேற்குக் கரையில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூட்டம். கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை. ஒரு கரை தூங்கும்போது மறு கரை விழித்திருக்கிறது. ஹிக்கடுவையின் ஜூன் மாதப் பணியாளர் நிலாவெளியின் ஜூன் மாதத் தேவைக்குப் பொருந்துவார் அல்லவா? இரு கரையிலும் ஹோட்டல் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இது எளிது. தனி ஹோட்டல்கள் கூட்டுச் சேர்ந்துதான் செய்ய வேண்டும். யார் சம்பளம் கொடுப்பது, சேவைக் கட்டணம் எந்தக் கணக்கில், சேமலாப நிதி யார் கட்டுவது என்ற கேள்விகளில் பேச்சு நின்றுவிடும். கணக்காளர் இருவர் உட்கார்ந்தால் தீரக்கூடிய கேள்விகள்தான்.

சேரப் போகும் பிள்ளைக்கு

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, போன ஜூன் மாதம் சேவைக் கட்டணமாக ஆளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். அது எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். விடுதி அறையில் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை நாள் பிளவு வேலைநேரம், பயிற்சிக் காலம் எப்போது முடியும் என்பதையும் விடவேண்டாம். முடிந்தால் பணியாளர் உணவுக்கூடத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். விருந்தினர் மண்டபத்தைவிட அது அதிகம் சொல்லும்.

கடைசியில், "மூன்று வருடத்துக்கு முன் என்னைப்போலச் சேர்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். இங்கேயே மேற்பார்வையாளராக இருக்கிறார்கள் என்றால் ஆளைக் கூப்பிட்டே காட்டுவார்கள். எல்லோரும் மாலைதீவில் என்றால் அதுவும் மோசமான பதில் இல்லை. வேலை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், சம்பளம்தான் போதவில்லை. யாரையும் நினைவில்லை என்றால், பக்கத்து ஹோட்டலிலும் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.